செல்ஃப் ஹீலிங் கோட்டிங்: கடலோர வீட்டு இரும்புக்கு நிஜமாகவே உதவுமா?

#1 தேவனாம்பட்டினத்தான்

வணக்கம். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு அடுத்த தெரு. முன் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாமே சாதாரண எம்எஸ் இரும்பு. ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் என்றுதான் எப்போதும் அடிக்கிறோம். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் பெயின்ட் கொப்புளம் விட்டு, கீழே துரு வந்துவிடுகிறது.

இப்போது பாண்டியிலிருந்து ஒருவர் வந்து 'செல்ஃப் ஹீலிங் நானோ கோட்டிங்' என்று ஒன்றைச் சொல்கிறார். கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளுமாம், பத்து வருடத்துக்குத் தொடவே வேண்டாமாம். பழைய துருவைச் சுரண்டவும் தேவையில்லை, அதன் மேலேயே அடிக்கலாம் என்கிறார். செலவு வழக்கத்தைவிட மூன்று மடங்கு. அப்பா அரை மனதாகச் சரி சொல்லிவிட்டார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 லாஸ்பேட்டை ரைடர்

அப்படி ஒன்று இருக்கிறது நண்பா. என் காருக்கு பிபிஎஃப், அதாவது பெயின்டைக் காக்கும் படலம், ஒட்டியிருக்கிறேன். துணியால் துடைக்கும்போது விழுகிற மெல்லிய கோடுகள், வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறைந்துபோகின்றன. கண்ணால் பார்த்தது. கேட்டுக்கும் அதே மாதிரி வந்திருக்கலாம்.

#3 காலாப்பட்டு வேதியியல்

ரைடர் பார்த்தது உண்மை. ஆனால் அது வேறு வேலை. பிபிஎஃப் பாலியூரித்தேன் படலம். சூடு பட்டால் மேல்பரப்பு பழைய வடிவத்துக்குத் திரும்பும். நிசான் 2005-ல் அறிவித்த கீறல் மறையும் கிளியர் கோட்டும் ஏறக்குறைய இந்த வகைதான். தோற்றத்துக்கு நல்லது. உலோகம் வரை இறங்கிய வெட்டை அது மூடாது.

நான் ஆய்வில் இருப்பது துரு தடுக்கும் பூச்சுகளில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தத் துறை பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2001-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் தலைமையிலான குழு ஒரு எபாக்சியை (இறுகிக் கெட்டியாகும் பிசின்) உருவாக்கியது. அதற்குள் மருந்து கேப்சூல் மாதிரி, கண்ணுக்கு எளிதில் தெரியாத உருண்டைகள். உள்ளே திரவம். விரிசல் ஓடும்போது உருண்டை உடைந்து திரவம் கசியும், எபாக்சியில் கலந்திருக்கும் வினையூக்கியைத் தொட்டதும் இறுகிவிடும். அது கட்டுமானப் பொருளுக்காகச் செய்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2009-ல் இந்த யோசனையைப் பூச்சுக்குக் கொண்டுவந்தார்கள். எஃகுத் தகட்டில் பூசி, கத்தியால் கீறி, 5 சதவீத உப்புநீரில் போட்டார்கள். சாதாரணப் பூச்சு அடித்த தகடு 24 மணி நேரத்துக்குள் துருப்பிடித்தது. கேப்சூல் இருந்த தகட்டில் 120 மணி நேரம் ஆகியும் கண்ணுக்குத் துரு தெரியவில்லை. ஆளிவிதை எண்ணெயைக் கேப்சூலில் அடைத்துச் செய்தவர்களும் உண்டு. அதற்கு வினையூக்கி வேண்டாம், கசிந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனே அதை உலர்த்திப் படலமாக்கிவிடும்.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 120 மணி நேரம் என்பது ஐந்து நாள். அதுவும் புத்தம் புதிய, சுத்தமான தகட்டில், ஒரே ஒரு கீறலுக்கு. கேப்சூல் ஒரு முறை உடைந்தால் தீர்ந்தது, அதே இடத்தில் மறுபடி கீறினால் உள்ளே ஒன்றும் இருக்காது. உருண்டை பெரிதாக இருந்தால் திரவம் நிறைய வரும், ஆனால் பூச்சும் தடிமனாக வேண்டும். நம் வீட்டுப் பெயின்டின் ஒரு கோட் 30, 40 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதற்குள் 100 மைக்ரான் உருண்டை எப்படி உட்காரும்? சிறிதாக்கினால் கசிகிற திரவம் கீறலை நிரப்பப் போதாது. இந்த இழுபறியில்தான் பாதி ஆராய்ச்சி நடக்கிறது.

#4 முதுநகர் பட்டறை

தம்பி, பூச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, துரு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பட்டையின் நடுவில் இருக்காது. வெல்டு வைத்த மூட்டில் இருக்கும். மேலே வேல் மாதிரி நிற்கிற முனைகளில் இருக்கும். கீலுக்கு உள்பக்கம், பிரஷ் போகாத இடத்தில் இருக்கும். முக்கியமாக, அடிச் சட்டத்துக்குக் கீழ்ப்பக்கம். கையை விட்டுத் தடவினால் தோல் தோலாக உரிந்து வரும்.

கூர்மையான ஓரத்தில் பெயின்ட் நிற்காது, காயும்போது இரண்டு பக்கமும் விலகிப்போகும். அங்கே பூச்சு பாதிகூட இருக்காது. வெல்டு மேல் படியும் ஸ்லாக்கை, அதாவது கசடை, தட்டாமல் அப்படியே ரெட் ஆக்சைடு அடித்திருப்பார்கள், ஸ்லாக் உதிரும்போது பெயின்டும் சேர்ந்து போகும். சதுர பைப் கேட் என்றால் உள்ளே தண்ணீர் போய்த் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் எந்த ஊர்ப் பூச்சு அடித்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. அடியில் வடிகால் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இந்த இடங்களில் யாரும் கீறவில்லை. கீறலை ஆற்றுகிற பூச்சுக்கு இங்கே என்ன வேலை?

#5 கடலோரக் கவிதா

பட்டறை அண்ணா சொன்னது எங்கள் வீட்டு கேட்டைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. வீராம்பட்டினம். அடிச் சட்டம் முழுக்கப் போய்விட்டது.

ஒரு சந்தேகம். எங்கள் ஆயா கடுக்காயை ஊறவைத்த தண்ணீரை இரும்புச் சட்டியில் தடவுவார், கறுப்பாகும், துரு வராது என்பார். கடையில் துரு மாற்றி என்று விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

#6 காலாப்பட்டு வேதியியல்

கவிதா அக்கா, அடிப்படை ஒன்றுதான். கடுக்காயில் டானின் நிறைய. அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பான இரும்பு டானேட் ஆகும். கடைத் துரு மாற்றிகள் பலவற்றில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். மெல்லிய, ஒட்டிப் பிடித்த துருவுக்கு உதவும். தடித்துச் செதிலாக நிற்கிற துருவின் அடி வரைக்கும் இறங்காது. அடியில் உப்பு இருந்தால் அதை எதுவும் செய்யாது.

அந்த உப்புதான் நம் கடலோரத்தின் உண்மையான சிக்கல். சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் காற்றில் மெக்னீசியம் குளோரைடும் வருகிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கடலூரிலும் பாண்டியிலும் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவு பகலாக இருந்துகொண்டே இருக்கிறது. அந்த உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? பெயின்ட் வழியாக நீராவி மெல்ல உள்ளே போகும், எல்லாப் பெயின்டிலும் போகும். உள்ளே இருக்கும் உப்பு அந்தத் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். கொப்புளம். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அப்படியே இதுதான்.

அதனால் 'சுரண்ட வேண்டாம், மேலேயே அடிக்கலாம்' என்று சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவருக்குப் பணம் கொடுக்க மாட்டேன்.

#7 வில்லியனூர் வியாபாரி

புதிதாக எது வந்தாலும் நம்மூரில் முதலில் சந்தேகம்தான். கம்பெனிக்காரர்கள் ஆராய்ச்சி பண்ணாமலா விற்பார்கள்? எபாக்சி வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். ஒரு ஜன்னலுக்கு மட்டும் அடித்துப் பார்க்கலாமே.

#8 சேதராப்பட்டு இன்ஸ்பெக்டர்

வியாபாரி சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சோதித்துப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் சோதனையை வீட்டுக்காரர் தலையில் கட்ட வேண்டாம், விற்பவர் காட்டட்டும். நான் தொழிற்சாலைகளில் கோட்டிங் ஆய்வு பார்க்கிறவன். எங்களிடம் இப்படி ஒருவர் வந்தால் கேட்பது இதுதான்: ஆறுவது எது, கேப்சூலா, துரு தடுப்பு மருந்தா, பாலிமரே ஒட்டிக்கொள்கிறதா? எத்தனை மைக்ரான் அகலக் கீறல் வரை? எக்ஸ் போலக் கீறிய தகட்டை ஐஎஸ்ஓ 9227 உப்புப் புகைப் பெட்டியில் வைத்த அறிக்கை இருக்கிறதா? 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைப் புகையாக விடுவார்கள். கீறலிலிருந்து துரு பக்கவாட்டில் எத்தனை மில்லிமீட்டர் பரவியது என்று அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாமல் பத்து வருடம் என்றால் அது வெறும் வாய்ச்சொல்.

எந்த இடத்தில் துரு எவ்வளவு கடுமை என்று வகை பிரிக்கும் ஐஎஸ்ஓ 12944 கணக்கில் உங்கள் வீடு சி5 என்ற மிகக் கடுமையான வகைக்குப் பக்கத்தில் வரும். கடலோரத்தில் உப்பு அதிகம் படிகிற இடம். ரெட் ஆக்சைடும் எனாமலும் அதற்கானவை இல்லை.

#9 தேவனாம்பட்டினத்தான்

எல்லோருக்கும் நன்றி. இன்ஸ்பெக்டர் சார் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பிக் கேட்டேன். அறிக்கை எதுவும் வரவில்லை. ஒரு வீடியோ அனுப்பினார். பூசிய தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தாமரை இலையில் போல உருண்டு ஓடுகிறது. இதற்கும் துருவுக்கும் சம்பந்தம் உண்டா?

#10 காலாப்பட்டு வேதியியல்

தண்ணீர் ஒட்டாத மேல்பரப்பு, அவ்வளவுதான். கீறியதும் அந்த இடத்தில் அது போய்விடும். உப்புத் தூசி படிந்தாலும் மங்கிவிடும். ஆறும் பூச்சு என்பதற்கு அது சான்று இல்லை.

உண்மையில் ஆறும் பூச்சுகள் பல வருடமாகவே பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றில் மிகத் திறமையானது குரோமேட். விமானத்தின் அலுமினியத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தார்கள். கீறல் விழுந்தால் பூச்சிலிருந்து ஆறு இணைதிற குரோமியம் கரைந்து வந்து, திறந்த உலோகத்தின் மேல் மூன்று இணைதிற ஆக்சைடாகப் படிந்து அடைத்துவிடும். கேப்சூல் இல்லை, வினையூக்கி இல்லை. ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேடு லட்சம் டன்னுக்கு மேல். அங்கே நிலத்தடி நீரே மஞ்சளாகிப்போனது. சிப்காட் பக்கத்தில் வாழ்கிற கடலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல துரு தடுப்பு என்பதற்காக ஒரு ஊரின் கிணற்றைக் கொடுக்க முடியாது. இன்றைக்கு ஆறும் பூச்சு ஆராய்ச்சியில் இவ்வளவு பேர் இறங்கியிருப்பதற்கு முக்கியமான காரணம், குரோமேட் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும் என்பதுதான்.

அந்த இடத்துக்கு வருகிறவற்றில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று சீரியம் உப்புகள். துருப்பிடிக்கும் இடத்தில் ஆக்சிஜன் வினைபுரியும் புள்ளிகளில் காரத்தன்மை ஏறும், சரியாக அங்கேயே சீரியம் ஆக்சைடாகப் படிந்து வினையை நிறுத்தும். எங்கே தேவையோ அங்கே மட்டும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம் இருக்கிறது. இன்னொன்று அடுக்கு ஹைட்ராக்சைடுகள், ஆங்கிலச் சுருக்கத்தில் எல்டிஎச். களிமண் போல அடுக்கடுக்கான பொருள். அடுக்குகளுக்கு நடுவே துரு தடுப்பு மருந்தை அடைத்துவைப்பார்கள். குளோரைடு உள்ளே வந்தால் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு மருந்தை வெளியே விடும். உப்பு வந்தால் மட்டுமே வேலை செய்கிற பூச்சு. கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறு இல்லை என்று நினைக்கிறேன். ஹாலோசைட் என்ற இயற்கைக் களிமண்ணின் நுண்குழாய்களில் மருந்தை நிரப்பியும் செய்கிறார்கள்.

காரைக்குடியில் நம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, 1953 முதல் இருக்கிறது. மண்டபத்தில் கடல் காற்றில் தகடுகளை வைத்துப் பார்க்கும் நிலையமும் அவர்களுக்கு உண்டு. கான்கிரீட் கம்பிக்கு சிமென்ட்-பாலிமர் கூட்டுப் பூச்சு அவர்கள் உருவாக்கியதுதான். கடலோரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் கம்பிக்கு அதைக் கேட்டு விசாரியுங்கள்.

#11 லாஸ்பேட்டை ரைடர்

அப்படியானால் பேசாமல் எல்லாவற்றையும் எஸ்எஸ்-க்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மாற்றிவிடலாமே? அதுவும் தானே ஆறும் என்று படித்திருக்கிறேன்.

#12 சேதராப்பட்டு இன்ஸ்பெக்டர்

ஆறும். குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேலே சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் உருவாகும், கீறினாலும் காற்று பட்டதும் திரும்ப வரும். ஆனால் குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்துவிடும். கடைத்தெருவில் கேட்டுக்கு விற்பது பெரும்பாலும் 202 என்ற ரகம். கடலோரத்தில் வேண்டாம். 304-லும் பழுப்புக் கறை படியும். 2, 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும் 316 தாக்குப்பிடிக்கும், விலைதான் எட்டாது. காந்தம் வைத்துப் பார்த்து 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க முடியாது, இரண்டும் ஒட்டாது. கடைக்காரர் காந்தம் காட்டினால் ஏமாறாதீர்கள்.

#13 முதுநகர் பட்டறை

என்னைக் கேட்டால் ஜிங்க்தான். ஹாட் டிப் கால்வனைஸ். 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுப்பார்கள், பைப்புக்கு உள்ளேயும் பூச்சு ஏறும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். துறைமுகத்தில் ஸ்டீல் போட்டுக்கு அடியில் ஜிங்க் கட்டி வைக்கிறார்களே, அதே கதை.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பைப்புக்கு இரண்டு முனையிலும் ஓட்டை போட்டுத்தான் தொட்டிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஆள் செத்துப்போகிற ஆபத்து அது. அப்புறம், எல்லா வெல்டிங்கையும் முடித்துவிட்டு முக்க வேண்டும். முக்கியதற்கு மேல் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் ஜிங்க் எரிந்துவிடும், அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். கடையில் வாங்குகிற ஜிஐ (ஜிங்க் பூசிய) பைப்பை வெட்டி ஒட்டி கேட் செய்தால் மூட்டெல்லாம் வெறும் இரும்புதான்.

#14 சேதராப்பட்டு இன்ஸ்பெக்டர்

அண்ணன் சொன்னதற்குக் கணக்கு: 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகில் சராசரி 85 மைக்ரான் துத்தநாகம் ஏற வேண்டும், மெல்லிய பைப்பில் 45, 55. சி5 காற்றில் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் கரையும். தொட்டி ஸ்டாண்டு ஆங்கிள் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மோசமான கணக்கிலும் ஏறக்குறைய பத்து வருடம் வரும். மேலே சரியான பெயின்டும் அடித்தால் இன்னும் நீளும். ஜிஐ மேல் நேராக எனாமல் அடிக்காதீர்கள். எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி, தோல் தோலாக உரியும். எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ முதலில் வேண்டும்.

#15 கடலோரக் கவிதா

2011-ல் தானே புயல் அடித்த பிறகு கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த கடைகளிலும் ஷட்டர் துருவேறியது ஞாபகம் இருக்கிறது. புயலுக்குப் பிறகு இரும்பைக் கழுவ வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

#16 காலாப்பட்டு வேதியியல்

நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் அக்கா, அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கடற்கரைத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. வீட்டில் ஆர்ஓ மெஷினுக்கு வாங்கிய, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவும் தண்ணீரை முதலில் அளந்துகொண்டு, கம்பியில் வழிந்து சொட்டுகிற தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து அளந்தால், எவ்வளவு உப்பு கூட வருகிறது என்று தெரியும். இரண்டு எண்ணும் நெருங்கி வரும் வரை கழுவுங்கள். தொழிற்சாலைச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் வீட்டுக்குப் போதும்.

#17 தேவனாம்பட்டினத்தான்

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பாண்டிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தொட்டி ஸ்டாண்டை ஆங்கிளில் புதிதாகச் செய்து ஹாட் டிப்புக்கு அனுப்புகிறோம். கேட்டைக் கழற்றிப் பட்டறையில் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) செய்து எபாக்சி. கடைசியாக ஒன்று: ஜன்னல் கிரில் சுவரில் பதித்தது, கழற்ற முடியாது. அதற்கு என்ன வழி?

#18 சேதராப்பட்டு இன்ஸ்பெக்டர்

இடத்திலேயே செய்யலாம். பரப்பை நனைத்துக்கொண்டே கம்பி பிரஷால் தளர்ந்த துருவை எல்லாம் எடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டுக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்வாகத் தேய்க்காமல் ஈர உப்புத்தாளில் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காலாப்பட்டு சொன்னபடி கழுவல். காய்ந்த அன்றே பிரைமர் விழ வேண்டும், ஒரு இரவு விட்டால் உப்பு திரும்பப் படிந்துவிடும்.

பிரைமருக்கு, கையால் சுத்தம் செய்த பரப்பையும் தாங்கும் எபாக்சி மாஸ்டிக் கேளுங்கள். ஜிங்க் ரிச் பிரைமர் வேண்டாம், அதற்குப் பிளாஸ்டிங் செய்த வெற்று எஃகு தேவை. மேலே வெயில் தாங்க பாலியூரித்தேன். எபாக்சி மட்டும் விட்டால் வெயிலில் மாவு பூக்கும். கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் சிமென்டைக் கொஞ்சம் சுரண்டி, பெயின்ட் காய்ந்ததும் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள், தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

மாசி, பங்குனியில் செய்யுங்கள். விடியலில் பனி ஈரம் இருக்கும், மதியத்துக்கு மேல் கடல் காற்று உப்போடு வரும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அடிப்பது நல்லது. இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

#19 முதுநகர் பட்டறை

ஓரங்களுக்கும் வெல்டுக்கும் முதலில் சின்ன பிரஷில் தனியாக ஒரு கை அடித்துவிட்டு அப்புறம் முழுசாக அடிக்கச் சொல்லுங்கள். பெயின்டர் அவசரத்தில் விட்டுவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்டை ஞாயிறு தவிர என்றைக்கு வேண்டுமானாலும் கொண்டுவரலாம் தம்பி, ஆனால் கீலை அறுக்கவேண்டாம், நான் ஆள் அனுப்புகிறேன்.